மூன்று சென்டிமீட்டர்

எங்கள் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊருக்குள் நுழையும் இடத்தில், பள்ளிவாசலுக்குச் சற்று முன்பாக, சாலையின் குறுக்கே ஒரு மேடு உண்டு. அரசாங்கச் சொல்லில் அது வேகத்தடை. ஊரார் நாவில் வெறும் மேடு. மதுரையிலிருந்து திருமங்கலம் கடந்து, டி.கல்லுப்பட்டிச் சாலையில் சிறிது தூரம் சென்று, கிளைபிரியும் பாதையில் கரிசல் காடுகளுக்கு நடுவே போனால் அந்த ஊர் வரும். அத்தா வஃபாத்தான நாளிலிருந்து, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளேனும் அம்மாவை அங்கே அழைத்துச் செல்வதை நான் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறேன். அத்தா விட்டுச்சென்ற கார்தான் எங்கள் வாகனம். தரையோடு தாழ்ந்து ஓடும் பழைய ஸெடான். நகரத்துச் சாலைக்கு அது போதும். அந்த மேட்டுக்குப் போதாது.

கரிசல் மண்ணின்மீது சாலை போடுவது எளிய காரியமில்லை. மழைக்காலத்தில் நீரைக் குடித்து அம்மண் உப்பும். கோடையில் உலர்ந்து, கை நுழையுமளவு வெடிக்கும். மேலே போட்ட தாரும் அதனோடு சேர்ந்து ஏறியிறங்கும். ஆகவே அந்தக் கிளைப்பாதை நெடுகிலும் வண்டி படகுபோல் ஆடியே செல்லும். அதையெல்லாம் அது தாங்கிவிடும். மேட்டுக்கு வந்ததும்தான் சோதனை. ஐந்து பேர் அமர்ந்திருந்தால் வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 13 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். மேட்டின் உயரமோ 15. முன்சக்கரங்கள் ஏறியிறங்கிய மறுகணம் புகைக்குழாய் சிமெண்டில் மோதி 'டொக்' என்று ஓர் ஓசை எழும். அதன்பின் இரும்பு இழுபடும் ஓசை. அத்தாவின் முதுகை யாரோ கீறுவதுபோல எனக்கு இருக்கும்.

ஆதலால் மேட்டைக் கடப்பதற்கென்றே எங்களிடம் ஒரு முறைமை உருவாகியிருந்தது. பத்தடிக்கு முன்னால் வண்டியை நிறுத்துவேன். அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர் என அனைவரும் இறங்கிக்கொள்வார்கள். சுமை நீங்கிச் சற்றே நிமிர்ந்த வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். அப்படியும் பெரும்பாலான நாள்களில் இடிக்கும். ஓதிவிட்டு வரும் பிள்ளைகள் இரு பக்கமும் ஒதுங்கி நின்று, "ரைட்டு… ரைட்டு… ஒடிங்க மாமு" என்று பேருந்து நடத்துநரைப்போல வழிகாட்டுவார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேட்டை நடந்தே கடப்பார்கள். அந்த மூலை வீட்டுத் திண்ணையில் எப்போதும் அமர்ந்திருக்கும் முதிய பெண்மணி ஒருவரிடம் நலம் விசாரித்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டுத்தான் மீண்டும் வண்டியில் ஏறுவார்கள்.

அந்த மேடு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் அதே இடத்தில், ஓதிவிட்டு வந்த சிறுவன் ஒருவனை வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் தள்ளிவிட்டுப் போனது. அவனுடைய கால் எலும்பு முறிந்தது. மறுநாள் இஷா தொழுகைக்குப் பிறகு ஊர் இளைஞர்கள் உடைகல்லும் சிமெண்டும் கொண்டுவந்து, விடிவதற்குள் மேட்டைக் கட்டி முடித்துவிட்டார்கள். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை, அளவு பார்க்கவில்லை, வெள்ளைக்கோடு இடவில்லை. அச்சமும் கோபமும் சேர்ந்து எழுப்பிய மேடு அது. எங்கள் மச்சானும் அன்றிரவு மண்வெட்டி பிடித்தவர்களில் ஒருவர்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "மச்சான், அந்த மேட்டைக் கொஞ்சம் செதுக்கிவிட்டா என்ன? எல்லா வண்டிக்கும் இடிக்குது."

"எல்லா வண்டிக்குமா, உங்க வண்டிக்கா?" என்று சிரித்தவர், "காருக்கு இடிக்குதுன்னு எங்க பிள்ளைங்க காலை ஒடச்சுக்கணுமா மாப்ளே?" என்றார்.

உடன் சாப்பிட்டவர்களும் சிரித்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அன்று மாலை மதுரை திரும்பும் வழியெல்லாம், அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டிருந்தன. இரவில் அயலூரிலிருந்து இருசக்கர வாகனத்தில் வருபவன் அந்த மேட்டை எப்படிக் காண்பான்? பிரசவ வலியோடு ஆட்டோவில் போகும் பெண்ணின் கதி என்ன? எல்லாமே நியாயமான கேள்விகள். அடுத்த முறை போனபோது அவற்றில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. வண்டியை உயர்த்திவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன்.

வண்டியை உயர்த்தும் வழக்கம் புதிதன்று. மேலைநாடுகளில் மலைக்காடுகளிலும் பாலைவனத்திலும் ஓட்டுவதற்காக ஜீப்புகளை அங்குலக் கணக்கில் உயர்த்துவார்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் சுமைக்கு வண்டி படுத்துவிட்டால் கூடுதலாக ஒரு கமான் பட்டை சேர்ப்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் வேகத்தடைக்கு அஞ்சி, காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கிடையே சோப்புத் தண்ணீர் தடவி ரப்பர் பஃபர் செருகிக்கொள்வதும் உண்டு. அந்த ரப்பரை நானும் முதலில் முயன்றேன். வண்டி நிமிர்ந்தது கொஞ்சம். கட்டைவண்டிபோல் குலுங்கியது அதிகம். அம்மாவின் இடுப்புவலியைக் கண்டு மறுவாரமே கழற்றிவிட்டேன்.

அதன்பிறகுதான் லிஃப்ட் கிட் பற்றி அறிந்தேன். நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தைத் தாங்குவது மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்தது. ஷாக் அப்சார்பரையும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கையும் ஒரே தூணாக்கி, அத்தூணின் தலையை வண்டியின் உடலோடு பிணைத்துவிட்டார் அவர். தலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு வட்டு வைத்தால் அந்த அளவுக்கு வண்டி உயரும். பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஸ்பிரிங்கின் தலைமேல் ஒரு வளையம் வைத்தால் போதும். முன்னே அலுமினிய வட்டு இரண்டு, பின்னே பாலியுரிதேன் வளையம் இரண்டு, நீளமான போல்ட்டுகள் சில. ஒவ்வொன்றும் 30 மில்லிமீட்டர் தடிமன். நான் வாங்கியது இவ்வளவே.

எங்கள் அத்தா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர்கள். அவர்களுடைய இரும்புப் பெட்டியில் ரிங் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இன்றும் இருக்கின்றன. கருவிப் பெட்டியைத் திறக்கும்போது பிஸ்மி சொல்வது அவர்கள் வழக்கம். இரும்பின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பதைப் பெருமையோடு சொல்வார்கள். தாவூத் நபிக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த செய்தியைச் சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல், கவசத்தின் வளையங்களை அளவோடு இணைக்கும்படியும் அங்கே கட்டளை இருக்கிறது என்பதை விரலை உயர்த்தி நினைவூட்டுவார்கள். ஃபிட்டருக்கு உகந்த பாடம் அந்த இரண்டாம் பகுதிதான் என்பது அவர்கள் கருத்து.

மகபூப்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கிட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கிற வேலை இதில இல்லை. அதனால வீட்டிலேயே செய்யலாம். ஆனா ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க பாய்," என்றார். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கை எலும்பையோ முகத்தையோ சிதைத்துவிடும். சொல்லிவிட்டு இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளையும் இரவல் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ரு தொழுகை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினேன். கீழ்த்தளத்தில் கார் நிற்கும் இடம் அகலம் குறைவு. ஒரு பக்கச் சுவரில் முதுகு உரசத்தான் வேலை செய்ய வேண்டும். மூத்தவன் கையில் டார்ச் விளக்கு. முன்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உடலின் கீழ் ஸ்டாண்டுகளை நிறுத்தினேன். கழற்றிய சக்கரங்களையும் அடியில் படுக்கவைத்தேன். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி சக்கரத்தின்மேல்தான் விழும்.

பின்னச்சை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு, ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். சொல்வது எளிது. பதினைந்து ஆண்டுத் துருவில் அவை உறங்கிக்கிடந்தன. முந்தின இரவே எண்ணெய் விட்டிருந்தும் ஒன்று அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கி, மகனும் நானும் சேர்ந்து அழுத்தியபோது 'கிரீச்' என்று ஒரு சத்தத்தோடு அது இளகியது. மாடியிலிருந்து அம்மா, "என்னடா ஒடஞ்சுச்சு?" என்று குரல் கொடுத்தார்கள். ஒன்றும் உடையவில்லை என்று சொல்லிவிட்டு அச்சை மெல்ல மெல்ல இறக்கினேன். ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்தது. அந்நேரம் மகன் விளக்கைச் சற்று நகர்த்திப் பிடித்தபோதுதான், பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் வீணைத் தந்திபோல் விறைத்து நிற்பது தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை இறக்கியிருந்தால் அது அறுந்திருக்கலாம். அல்லது அறுபடாமல் உள்ளே கிழிந்து, என்றாவது ஒருநாள் பிரேக்கை மிதிக்கும்போது கைவிட்டிருக்கலாம். உடனே ஜாக்கியை உயர்த்திக் குழாயைத் தளர்த்திவிட்டு, இருந்த இடைவெளிக்குள்ளேயே வளையத்தைச் செருகி ஸ்பிரிங்கை அமர்த்தினேன். நல்லவேளை, பையன் விளக்கு பிடிப்பதில் என்னைவிடக் கவனமுள்ளவன்.

முன்பக்கம் மேலும் நேரம் பிடித்தது. ஸ்ட்ரட்டோடு பிணைந்த பிரேக் குழாயின் கிளிப், லிங்க் ராடு, சக்கரக் குடத்தைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றியபின், குடம் பிரேக் குழாயில் தொங்கிவிடாதபடி கம்பியால் கட்டி நிறுத்தினேன். பின்னச்சில் கற்ற பாடம். பானெட்டுக்குக் கீழே தலைப்பகுதி நட்டுகளைத் திருகியதும் தூண் முழுவதுமாகக் கீழே வந்தது. அதன் தலையில் வட்டைப் பொருத்தி மீண்டும் ஏற்றுவதற்குள் ளுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்து மறுபக்கம். அஸருக்குள் நான்கு சக்கரங்களும் தரையில் நின்றன. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை முன்பு 36 சென்டிமீட்டர்; இப்போது 39. தெருவில் இறக்கி நிறுத்தித் தள்ளிநின்று பார்த்தேன். இளமை திரும்பியதுபோல் நின்றது வண்டி. அன்றிரவு தூங்குவதற்கு முன் சன்னல் வழியாக இன்னொருமுறை பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மேட்டுக்கு முன்னால் நான் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்தேன், ஆனால் எவரையும் இறக்கவில்லை, கோணலாகத் திருப்பவில்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. இடையில் ஓசையே இல்லை. "பார்த்தீங்களா!" என்று நான் திரும்பியபோது, அம்மா பின்கண்ணாடி வழியே அந்தத் திண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலையே. மேட்டில இறங்கி நடந்தாத்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்," என்றார்கள்.

எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது. மச்சான் வாசலில் நின்றிருந்தார். வண்டியைக் கண்டதும் அவர் புருவம் உயர்ந்ததைக் கவனித்தேன். நானாக ஒன்றும் சொல்லவில்லை. நான் காட்ட நினைத்தது அந்த மௌனத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவதோ நான்காவதோ பயணம் அது. மஃரிபுக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. மேற்கே வெயில் கண்ணைக் கூச, சாலையின் இந்தப் பக்கம் நிழலாக இருந்தது. பழக்கத்தால் என் வேகம் சிறிது சிறிதாகக் கூடியிருந்தது. அன்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் மேட்டை நெருங்கினேன் என்று நினைக்கிறேன். முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. அந்தக் கணத்தில் பள்ளிவாசல் மதிலோரத்திலிருந்து ஒரு சிறுமி, மார்போடு அணைத்த துணிப்பையுடன், சாலைக்குள் ஓடிவந்தாள். ஆறு வயதிருக்கும். பிரேக்கை முழுவதுமாக மிதித்தேன். வண்டி மூக்கைக் குத்தி நின்றது. பின்சக்கரங்கள் மேட்டின் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. சிறுமி சாலை நடுவே அமர்ந்துவிட்டாள். வண்டிக்கும் அவளுக்கும் ஒரு முழ இடைவெளி. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பையிலிருந்து அவளுடைய ஓதும் கிதாபு வெளியே விழுந்திருந்தது. அதை எடுத்து முத்தமிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, எழுந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கூட்டம் கூடுவதற்குள் பள்ளியின் மோதினார் வந்துவிட்டார். முதியவர். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு, "இடிக்கலையே தம்பி?" என்றார்.

"இல்லைங்க, உயர்த்திட்டேன்."

"அதான். முன்னெல்லாம் நீங்க வந்தா அந்த 'டொக்'கு சத்தம் உள்ளே ஓதுற எடத்துக்கே கேட்கும். 'மதுரைக் காரு வந்திருச்சு'ன்னு பிள்ளைங்க வெளியே வந்து ஒதுங்கி நிக்கும். இப்பக் கொஞ்ச நாளா நீங்க வர்றதே தெரியலை."

குற்றம் சாட்டும் தொனி அவரிடம் இல்லை. நடந்ததைச் சொன்னார், பாங்குக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். அன்று மஃரிபில் நான் எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதில் எனக்கே ஐயம் வந்து, மறதிக்கான ஸஜ்தா செய்தேன்.

அன்றிரவு முழுவதும் மேட்டைப் பற்றியே யோசித்தேன். மேடு இருப்பது என்னைப் போன்றவர்கள் நிற்பதற்காக. நான் நிற்காமல் போவதற்காக வண்டியை உயர்த்தினேன். இவ்வளவு எளிய கணக்கை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அளவுகோலும் ஸ்பேனருமாக உழைத்த எனக்குப் போட்டுப்பார்க்கத் தோன்றவில்லை. அதே நேரத்தில் மேடும் பிழையானதுதான். அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்னும் நபிமொழியை, ஓதும் பள்ளிக்குப் போன எவரும் அறிவர். அந்த மேடு இரவில் வருபவனுக்குத் தொல்லை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. இரண்டையும் பிரித்தெடுத்துப் பேசும் பொறுமை மச்சானிடம் இல்லை என்று குறைகூறினேன். என்னிடம் இருந்ததா? எல்லோருக்கும் இடிக்கிறது என்று வாதத்தைத் தொடங்கியவன், எனக்கு மட்டும் இடிக்காமல் செய்துகொண்டு வாதத்தை முடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் சக்கரங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உயர்த்தியபின் வீல் அலைன்மெண்ட் பார்க்காமலே ஓட்டியிருந்தேன். முன்டயர்கள் இரண்டும் ஒரு விளிம்பில் தேயத் தொடங்கியிருந்தன. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் அச்சுத்தண்டு இப்போது கூடுதல் சரிவில் சுழல்கிறது என்றும், அதன் மூட்டு சீக்கிரம் தேயும் என்றும் காட்டினார். பின் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கிய நிலையில் இறுக்கினேனா என்று கேட்டார். ஆம் என்றேன். "வண்டி தன் கால்ல நின்னப்புறம்தான் கடைசி இறுக்கு இறுக்கணும். இல்லேன்னா உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே இருக்கும்," என்றார். அத்தா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள்.

சட்டமும் ஒன்று உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் வகுத்தவற்றுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. மூன்று சென்டிமீட்டர் வளையம் அதில் அடங்குமா என்று வாதாடலாம். ஒரு குழந்தை அடிபட்டபின் காப்பீட்டு அலுவலகத்தில் நின்று வாதாட எனக்கு விருப்பமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டுகளையும் வளையங்களையும் கழற்றினேன். போல்ட்டுகள் இம்முறை அடம்பிடிக்கவில்லை, மதியத்துக்குள் முடிந்தது. கடைசி இறுக்கை வண்டி தரையில் நின்ற பிறகே கொடுத்தேன்.

அதன்பின் அக்கா ஊருக்குப் போனபோது அளவுநாடாவும் ஒரு நீளப் பலகையும் எடுத்துச்சென்றேன். மேட்டின்மேல் பலகையைப் படுக்கவைத்து அளந்துகொண்டிருந்தபோது மச்சான் வந்தார்.

"என்ன மாப்ளே, செதுக்கப் போறீங்களா?"

"இல்லை மச்சான். அளக்கிறேன்."

உயரம் 15 சென்டிமீட்டர், அகலம் 60. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்னும் வழிகாட்டுதல் சொல்வதோ உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படி அமைத்தால் வாகனங்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்துக்குத் தாமாகவே இறங்கும், அடியும் இடிக்காது. கறுப்பு வெள்ளைப் பட்டைகளும், முன்கூட்டியே எச்சரிக்கும் பலகையும் வேண்டும். இதைச் சொல்லி, மண்ணில் குச்சியால் இரண்டு மேடுகளையும் வரைந்து காட்டினேன். ஒன்று எலும்புபோல் துருத்திக்கொண்டு, மற்றொன்று ஒட்டகத்தின் முதுகைவிடவும் சாய்வாக.

"மூணே முக்கால் மீட்டரா! பள்ளிவாசல் வாசல் வரைக்கும் வந்திருமே," என்றார் மச்சான். பிறகு குச்சியை வாங்கி அவரே ஒருமுறை வரைந்து பார்த்தார். "பத்து சென்டிமீட்டர்ல பைக்குக்காரன் குறைப்பானா?" என்று கேட்டார். அவருடைய அச்சம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் சிறுவனைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம் மருத்துவமனைக்கு ஓடியவரும் அவர்தான் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார். அந்தச் சாப்பாட்டு வேளையில் நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

ஊராட்சிக்கு மனு எழுதினோம். ஜமாஅத் நிர்வாகிகளோடு, அந்தப் பாதையில் ஆட்டோ ஓட்டும் மேலத்தெருச் சகோதரர்கள் இருவரும் கையொப்பமிட்டார்கள். மனு கொடுத்து நான்கு மாதங்களாகின்றன, பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாமென்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பெயிண்ட் டப்பா வாங்கிவந்து மேட்டுக்கு வெள்ளைப் பட்டைகள் தீட்டினோம். கோடு கோணலாகப் போனதற்கு முழுப் பொறுப்பும் பிள்ளைகளுடையது. வேப்பமரத்தில் சிவப்பு ஒளிர்தகடு ஒன்றையும் ஆணியடித்து மாட்டினோம்.

போன சனிக்கிழமை மேட்டுக்குப் பத்தடி முன்னால் வண்டியை நிறுத்தினேன். அம்மா இறங்கித் திண்ணையை நோக்கி நடந்தார்கள். வண்டியைக் கோணலாகத் திருப்பி முன்சக்கரத்தை ஏற்றினேன். 'டொக்' என்றது. மதிலுக்கு அப்பாலிருந்து, "மதுரைக் காரு!" என்று ஒரு குரல் கேட்டது. பிள்ளைகள் வெளியே வந்து ஒதுங்கி நின்றார்கள். வரிசையில் கடைசியாக, துணிப்பையை மார்போடு அணைத்தபடி அந்தச் சிறுமி. "இடது பக்கம் ஒடிங்க மாமு, இடிக்குது," என்றாள்.